ஹீட் பம்ப்: செலவு எங்கே ஏறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப், வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால்தான் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தருகிறது. ஆனால், பொருத்தும் செலவைக் கேட்டதுமே பலர் மலைத்துப்போகிறார்கள். அந்தத் தொகையில் ஒரு பங்கைத் தவிர்க்க முடியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

விலைப்பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். கருவியின் விலை ஒரு பங்குதான். குழாய் வேலை, மின் இணைப்பு, சுடுநீர்த் தொட்டி, உள்ளே சூடான நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர், கூலி எல்லாம் அதோடு சேரும். கருவி பெரிதாகப் பெரிதாக இவையும் ஏறும். இதுவரை வீட்டைச் சூடாக்க நீரைக் காய்ச்சித் தந்த பழைய பாய்லரின் அளவைப் பார்த்து, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய கருவியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விலையும் அதிகம்; மிதமான குளிரில் அது நின்று நின்று ஓடி மின்சாரத்தை விரயமாக்கும், கம்ப்ரஸரும் சீக்கிரம் தேயும். அறை அறையாகச் சுவர், ஜன்னல், கூரையை அளந்து வெப்ப இழப்பைக் கணக்கிடாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஹீட் பம்ப் பொதுவாகப் பாய்லரைவிடக் குறைந்த சூட்டில்தான் ரேடியேட்டருக்கு நீரை அனுப்பும். அதற்காக ரேடியேட்டர்களை மாற்ற வேண்டுமா என்பதை நீங்களே சோதிக்கலாம். கடுங்குளிர் நாளில், பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பநிலையை 50 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து, நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். குளிப்பதற்கான சுடுநீர்த் தொட்டியின் வெப்பநிலையை மட்டும் தொடாதீர்கள். அதைக் குறைத்தால் கிருமி வளரும். எல்லா அறைகளும் கதகதப்பாக இருந்தால், இருக்கிற ரேடியேட்டர்களே போதும். ஓர் அறை மட்டும் சில்லிட்டால், அங்கே மட்டும் பெரியதாக மாற்றுங்கள்.

கூரைக்கு அடியில் வெப்பக் காப்பு விரிப்பதையும் கதவிடுக்குகளை அடைப்பதையும் முதலில் முடியுங்கள். அதன் பிறகு கணக்கிட்டால் சிறிய கருவியே போதுமானதாக இருக்கலாம். நடுக்குளிரில் பாய்லர் பழுதாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நடுங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தால் நாலு பேரிடம் விலை கேட்க முடியாது.

அரசுகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. முழுத் தொகையையும் முதலில் கட்டு, மானியத்தைப் பிறகு தருகிறோம் என்றால், கையில் சேமிப்பு இல்லாதவருக்கு அது எட்டாக்கனிதான். பொருத்துபவரின் பில்லிலேயே மானியத்தைக் கழித்துக்கொள்ளட்டும். மீதிக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, மாதாமாதம் மின்கட்டணத்தோடு வசூலிக்கட்டும்.

நன்றி, வணக்கம்.