சீட்டுக்கும் சாவிக்கும் நடுவே

(அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் என் வணக்கம்.

ஆறு ஆண்டுகளாக, வார இறுதி நாள்களில், வீடற்றவர்களுக்கு வாடகை வீடு தேடிக் கொடுக்கும் ஒரு தொண்டுக் குழுவில் நான் வேலை செய்து வருகிறேன். அந்த வேலையில் கண்டதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நானாகவே கேட்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். இந்த அவையில் இருப்பவர்களில் பலர், குடியிருக்கும் வீட்டைத் தவிர இன்னொரு வீட்டையும் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். ஆகவே இது உங்களைத் தொடும் விஷயம்.

இந்த வேலையில் அடிக்கடி வரும் சொல் வவுச்சர், அதாவது அரசு தரும் வாடகை உதவிச் சீட்டு. அது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1937-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் 1974-இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட 8-ஆம் பிரிவிலிருந்து வளர்ந்த திட்டம் இது. வாஷிங்டனில் உள்ள வீட்டுவசதித் துறை, அதாவது ஹட், பணம் தருகிறது. அந்தந்த ஊரின் வீட்டுவசதி ஆணையம் அதை நடத்துகிறது. குடியிருப்பவர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுப்பார். மீதியை ஆணையம் ஒரு வரம்புக்குள் வீட்டு உரிமையாளரின் கணக்கிலேயே செலுத்திவிடும். மாதம் 1,000 டாலர் வருமானம் உள்ள ஒருவர் 1,100 டாலர் வாடகை வீட்டில் குடியேறினால், அவர் பங்கு சுமார் 300 டாலர். மிச்சம் 800 டாலர் மாதத் தொடக்கத்தில் ஆணையத்திடமிருந்து வரும். நாடு முழுவதும் சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இப்படித்தான் ஒரு கூரையின் கீழ் வாழ்கின்றன. ஆனால் இத்தகைய உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது.

சரி, கிடைத்தவர்களுக்காவது வீடு கிடைத்துவிடுகிறதா? இந்த வேலைக்கு வந்த முதல் வருடத்தில் நான் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பழைய காரிலேயே இரவைக் கழித்து வந்தவர். பல ஆண்டுகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்து, ஒரு நாள் அவர் கைக்கு வவுச்சர் வந்தது. அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மடிப்பு விழாமல் இருக்க ஓர் அட்டையையும் சேர்த்து வைத்திருந்தார். வீடு தேட அவருக்கு அறுபது நாள் அவகாசம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்களை வரிசையாக எழுதி, மறுத்தவர்களின் எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். நான் பார்த்தபோது மூன்று பக்கங்கள் முழுவதும் அடித்தல்தான். விண்ணப்பக் கட்டணம் என்று ஓரிடத்தில் 50 டாலர், இன்னோரிடத்தில் 60 டாலர் கட்டியே கையிருப்பு கரைந்துவிட்டது. முன்பணம் கொடுக்கப் பணம் இல்லை. சீட்டைக் கொடுத்த அலுவலகத்துக்கு அவரை வீடு பார்க்க அழைத்துப்போக ஆள் இல்லை. அவருடைய மருத்துவத்தைக் கவனித்த அமைப்புக்கோ, அவரிடம் வவுச்சர் இருப்பதே தெரியாது. அறுபது நாள் முடிந்தது, நீட்டிப்புக் கேட்டுக் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்தது, வவுச்சர் காலாவதியானது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் ஊரில் சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்த நாள் அது. அவர் தனி ஒருவர் அல்லர்: நாடு தழுவிய கணக்குப்படி, வவுச்சர் பெற்றவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு உரிய காலத்துக்குள் வீடு பிடிக்க முடியாமல் போகிறார்கள்.

ஆக, சீட்டுக்கும் சாவிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஆணையத்திடம் பணம் உண்டு, கைத்துணைக்கு ஆள் இல்லை. தொண்டு அமைப்புகளிடம் ஆள் உண்டு, வாடகை கட்டப் பணம் இல்லை. மருத்துவமனைக்கு நோயாளியைத் தெரியும், அவர் எந்தப் பாலத்தடியில் படுக்கிறார் என்பது தெரியாது. இவர்கள் தனித்தனியாக எவ்வளவு நல்லெண்ணத்தோடு உழைத்தாலும், அந்தப் பெண்மணி அந்த இடைவெளியில்தான் விழுந்தார்.

இந்த இடைவெளியை மூட முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, முன்னாள் படைவீரர்களுக்கான ஹட்-வாஷ் திட்டம். ஹட் வவுச்சரைக் கொடுக்கும். படைவீரர் நலத்துறை ஒரு சமூகப் பணியாளரைக் கொடுக்கும். வீடு தேடும்போது உடன் போவது, மருத்துவருடன் நேரம் குறிப்பது, குடிப்பழக்கமோ மனநோயோ இருந்தால் சிகிச்சைக்கு வழி செய்வது, குடியேறிய பின்னும் வந்து பார்ப்பது எல்லாம் அந்தப் பணியாளரின் பொறுப்பு. 1990-களில் சிறிய அளவில் தொடங்கிய இதற்கு 2008-இல் நாடாளுமன்றம் 7.5 கோடி டாலர் ஒதுக்கிய பிறகு வேகம் பிடித்தது. அதிலிருந்து 1,00,000-க்கும் மேற்பட்ட வவுச்சர்கள் வழங்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் ஜனவரியில், ஓரிரவில் எடுக்கப்படும் கணக்கெடுப்பில், 2010-இல் வீடற்ற முன்னாள் வீரர்கள் 74,087 பேர் இருந்தார்கள். 2024-இல் 32,882 பேர். அதே 2024-இல் நாட்டின் மொத்த வீடற்றோர் எண்ணிக்கை 7,71,480 ஆக ஏறியது. ஒரே நாடு, ஒரே வாடகைச் சந்தை, ஒரே விலைவாசி. ஒரு கூட்டத்தாரின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாக இறங்கியது, மற்றவர்களுடையது ஏறியது. படைவீரர்களுக்கு நாடு மனமுவந்து பணம் ஒதுக்கியது என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணமும் அந்தப் பணியாளரும் ஒரே மேசைக்கு வந்ததால்தான் அது வீடாக மாறியது என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தப் பாடம் எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. 2021 மார்ச்சில் நிறைவேறிய மீட்புச் சட்டத்தின் கீழ் 500 கோடி டாலர் செலவில் 70,000 அவசரகால வவுச்சர்கள் உருவாக்கப்பட்டன. அதில் வைத்த நிபந்தனைதான் என்னைக் கவர்ந்தது. வீட்டுவசதி ஆணையம் தன் காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஆள் எடுக்கக் கூடாது. அந்த வட்டாரத்தில் வீடற்றோர் பணிகளை ஒருங்கிணைக்கும் கூட்டமைப்போடு எழுத்துமூலமான உடன்படிக்கை செய்துகொண்டு, அந்தக் கூட்டமைப்பும் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கான அமைப்புகளும் அனுப்புகிறவர்களுக்கே கொடுக்க வேண்டும். வீடு தேட 120 நாள் அவகாசம். ஒவ்வொரு வவுச்சருக்கும் 3,500 டாலர் சேவைக் கட்டணமாகத் தனியே வந்தது. முன்பணம், விண்ணப்பக் கட்டணம், வீட்டுக்காரருக்கு ஊக்கத்தொகை ஆகியவற்றுக்கு அதைச் செலவிடலாம். கையில் அடையாளச் சான்று இல்லாதவரும் முதலில் குடியேறி, பின்னர் சான்றுகளைக் கொண்டுவரலாம். காரில் தூங்கிய அந்தப் பெண்மணிக்கு எதெதெல்லாம் இல்லாமல் போயிற்றோ, அவை ஒவ்வொன்றும் இந்த விதிகளில் இருந்ததை நான் படித்தபோது சற்று நேரம் பேச முடியவில்லை. வருத்தம் என்னவென்றால், 2025 மார்ச்சில் இதற்கான கடைசி ஒதுக்கீட்டை ஹட் அறிவித்துவிட்டது. 2026-க்குள் பணம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லிவிட்டது. வீடேறியவர்களை மீண்டும் தெருவுக்கு அனுப்பாமல் வேறு வவுச்சர்களுக்கு மாற்ற முடியுமா என்று ஊருக்கு ஊர் ஆணையங்கள் திண்டாடத் தொடங்கின.

நம் ஹூஸ்டனுக்கு வருகிறேன். 2011-இல் இந்த வட்டாரத்தில் ஓரிரவுக் கணக்கில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடின்றி இருந்தனர். அனீஸ் பார்க்கர் மேயராக இருந்தபோது மாநகரம், ஹாரிஸ் கவுன்டி எனும் மாவட்ட நிர்வாகம், இரண்டு வீட்டுவசதி ஆணையங்கள், படைவீரர் நலத்துறை, நூற்றுக்கும் மேற்பட்ட தொண்டு அமைப்புகள் எல்லாம் ஒரே அமைப்பாகச் செயல்பட இசைந்தன. அதுவரை ஒவ்வோர் அமைப்பும் தனக்கென ஒரு பட்டியல், தனக்கென ஒரு விண்ணப்பம் வைத்திருந்தது. இப்போது எந்த வாசலில் போய் நின்றாலும் ஒரே கேள்வித்தாள், ஒரே தரவுத்தளம், ஒரே வரிசை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பதை நாம் திருவிழாவில் பார்த்திருக்கிறோம். வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் தேர் நகராது. 2015 ஜூனில், படைவீரர்களிடையே வீடின்மை நடைமுறையில் முடிவுக்கு வந்தது என்று ஹூஸ்டன் அறிவித்தது. பின்னர் வந்த மேயர் சில்வெஸ்டர் டர்னரும் அதே பாதையைத் தொடர்ந்தார். 2012-க்குப் பிறகு 25,000-க்கும் மேற்பட்டோர் இங்கே வீடேறியுள்ளனர். 2011-ஐ விட எண்ணிக்கை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. பாலத்தடி முகாமை மூடுவதற்கு முன்னால் அங்கிருப்பவர்களுக்கு வீடு காட்டி அழைத்துப் போவது இங்குள்ள வழக்கம்.

முதலில் வேலை தேடட்டும், குடியை நிறுத்தட்டும், பிறகு வீடு கொடுக்கலாம் என்று கேட்பவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். நியாயமான கேள்வி. நியூயார்க்கில் 1992-இல் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய பணி இதைத் தலைகீழாக மாற்றியது: முதலில் வீடு, அதன் பின் மற்றவை. அப்படிக் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் நிலைத்தார்கள். குளிக்க இடமின்றி நேர்முகத்துக்குப் போவதும், மருந்தை வைக்க ஓர் அலமாரி இன்றிச் சிகிச்சை எடுப்பதும் எப்படி முடியும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி நம்மிடம் வருகிறேன். எத்தனை அமைப்புகள் கைகோத்தாலும் கடைசிக் கையெழுத்து வீட்டுக்காரருடையது. 2018-இல் ஹட்டுக்காக ஐந்து இடங்களில் நடந்த ஓர் ஆய்வில், வவுச்சரை ஏற்க மறுத்த வீட்டுக்காரர்கள் நம் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் 78 சதவீதம். தலைநகர் வாஷிங்டனில் 15 சதவீதம். வாஷிங்டனில் வவுச்சரைக் காரணம் காட்டி மறுப்பது சட்டவிரோதம். டெக்சாஸிலோ, அப்படி ஒரு விதியை ஊர்கள் இயற்றுவதையே 2015-இல் மாநிலச் சட்டம் தடுத்துவிட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே இங்கே அந்தக் கதவு வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான் திறக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க்காரர் ஒருவரிடம், ஒரு முன்னாள் வீரருக்காகக் கேட்டேன். “வாடகை ஒழுங்கா வருமா தம்பி? பின்னால் தொந்தரவு ஏதாவது வந்தால் யாரிடம் போவது?” என்றார். “சமூகப் பணியாளரின் எண்ணையே தருகிறேன் அண்ணா” என்றேன். ஆணையத்திலிருந்து வீட்டைச் சோதிக்க வந்த அலுவலர் முதல் முறை நிராகரித்துவிட்டார்: சமையலறையில் ஒரு பிளக் பாயின்ட்டின் மூடி உடைந்திருந்தது, புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி இல்லை, படுக்கையறை ஜன்னல் பூட்டவில்லை. அண்ணனும் நானும் கடைக்குப் போய் மூன்றையும் வாங்கி வந்து ஒரே மாலையில் சரிசெய்தோம். மறு வாரம் தேர்ச்சி. சாவியை வாங்கிய அந்த வீரர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்; திறந்தார்; மறுபடியும் தாழிட்டார். பத்து ஆண்டுகளில் தாம் உள்ளிருந்து பூட்டும் முதல் கதவு என்று பின்னர் என்னிடம் சொன்னார். ஒப்பந்தத்தைப் புதுப்பித்து இன்றும் அங்கேயே இருக்கிறார்.

சிரமமே இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். முதல் தவணை வரச் சில வாரங்கள் ஆகலாம். சோதனைக்குத் தேதி கிடைக்கத் தாமதமாகலாம். குடியிருப்பவர் தம் பங்கைக் கட்டாவிட்டாலோ வீட்டைச் சேதப்படுத்தினாலோ, மற்றக் குடித்தனக்காரர்களிடம் எடுக்கும் அதே சட்ட நடவடிக்கையை நீங்கள் எடுக்கலாம். அதற்கு முன் பணியாளரைக் கூப்பிடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

வாயிலருகே உள்ள மேசையில் ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம். வீட்டின் முகவரி, அறைகளின் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் வாடகை, எந்தத் தேதியிலிருந்து காலி என்ற நான்கு விவரங்கள் போதும். புதன்கிழமைக்குள் எங்கள் குழுவிலிருந்து ஒருவர் உங்களை அழைப்பார். இப்போது வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் பதினொரு பேர். அவர்களில் இருவருக்கு இந்த மாதக் கடைசியோடு அவகாசம் முடிகிறது.