செய்தி வந்த மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய செய்தி நாளிதழில் எப்படி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு படம், அதிகாரிகள் சோதனை, இத்தனை குழந்தைகள் மீட்பு. மறுநாள் அந்த இடத்தில் வேறு செய்தி. மீட்கப்பட்ட பிள்ளை அடுத்த மாதம் என்ன செய்துகொண்டிருந்தது என்று யாரும் எழுதுவதில்லை. என் மனக்குறை இதுதான்.

வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். 1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். குழந்தைகள் உழைப்பில் உருவான பொருள்களை அமெரிக்கா இறக்குமதி செய்யக் கூடாது என்றது அது. அதே ஆண்டு டிசம்பரில், வங்கதேச ஆலைகளில் சிறுவர்கள் சட்டை தைப்பதை ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது. பெரிய பரபரப்பு. மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை. ஆனாலும் ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே ஆலைக்காரர்கள் பிள்ளைகளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ 50,000 பேர் என்றது யுனிசெஃப். பெரும்பாலும் சிறுமிகள்.

சரி, அவர்கள் பள்ளிக்கூடம் போனார்களா? பின்னால் தேடிப்போய் விசாரித்தவர்கள் கண்டது வேறு. சிலர் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் தெருவில் விற்பனை, சிலர் பாலியல் தொழிலில். தையல் ஆலையைவிட ஆபத்தான, கூலி குறைந்த வேலைகள். ஆலையை அம்பலப்படுத்திய செய்தி பொய்யில்லை. பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் 1995 ஜூலையில் ஆடை ஏற்றுமதியாளர் சங்கமும் யுனிசெஃபும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தயாரான பிறகுதான் வேலையிலிருந்து எடுக்க வேண்டும், மாதம் 300 டாக்கா (வங்கதேசப் பணம்) உதவித்தொகை தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. சம்பளம் நின்றால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஒரு நிருபர் மாதாமாதம் போய்ப் பார்த்து எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. இதில் பரபரப்பு கிடையாதே!

பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் இப்படித்தான். 1996-இல் கால்பந்து தைக்கும் சிறுவனின் படம் ஓர் அமெரிக்க இதழில் வந்தது. அடுத்த ஆண்டே ஒப்பந்தம் வந்து, தையல் வேலை வீடுகளிலிருந்து கண்காணிப்புள்ள கூடங்களுக்குப் போனது. வீட்டிலிருந்தபடியே தைத்துச் சம்பாதித்த பெண்கள் பலர் அந்த வருமானத்தை இழந்தார்கள். பந்துக்குக் கிடைத்த கவனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சட்டையும் பந்தும் செய்தியானதற்கு, அவற்றின் மேல் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்ததும் காரணம் என்று நினைக்கிறேன். 2024 கணக்குப்படி உலகில் 13 கோடியே 80 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில். பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு வேலை செய்கிறார்கள். அங்கே சோதனைக்குப் போக ஆலை இல்லை, சாட முதலாளி இல்லை. ஒரு செய்தி ஆசிரியரிடம் இதைச் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'இதில் செய்தி எங்கே இருக்கிறது?' என்பதாகத்தான் இருக்கும்.