மஞ்சள் சுவரும் மேட்சிங் ஜாக்கெட்டும்

(புதுச்சேரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சுத் தெருக்களில் நடந்து பாருங்கள். மஞ்சள் சுவர் எங்கே இருக்கிறதோ அங்கே ஒருவர் போஸ் கொடுத்துக்கொண்டிருப்பார், எதிரே ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார். படத்தைப் பார்த்துவிட்டு, "சுவர் கலர் அப்படியே வந்திருக்கு" என்று சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்தத் திரையிலிருந்து வருவது மஞ்சள் ஒளியே அல்ல. அதில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகைப் புள்ளிகள்தான் உண்டு.

சந்தேகமா? போனில் ஒரு மஞ்சள் படத்தை எடுங்கள். விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீரைத் திரைமேல் வையுங்கள். துளி லென்ஸாகிவிடும், உற்றுப் பார்த்தால் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரியும். முன்வரிசையில் ஒரு பாப்பா அதற்குள் கையைத் தூக்கிவிட்டாள். புது போன்காரர்கள் பக்கத்துக்காரர் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரின் சமாசாரம் வேறு. வெயிலில் உள்ள நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்த சாயம் விழுங்கிவிட்டு, பச்சையிலிருந்து சிவப்பு வரை மற்றதையெல்லாம் திருப்பி அனுப்புகிறது. ஒளி வேறு வேறு. நமக்கு மட்டும் ஒரே மஞ்சள்.

விழித்திரையில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். வகை என்னவோ மூன்றுதான்: நீலம், பச்சை, சிவப்பு என்று பேர். ஒளியின் நிறம் அதன் அலைநீளத்தைப் பொறுத்தது, அதை நானோமீட்டரில் அளப்பார்கள். 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒன்று, 530-ஐ ஒட்டி ஒன்று, 560-ஐ ஒட்டி ஒன்று ஒளியை உணர்வதில் உச்சம் தொடும். கடைசி இரண்டும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். 'சிவப்புக் கூம்பு' என்று நாம் சொல்வதன் உச்சம்கூட இளம்பச்சைப் பக்கம்தான் இருக்கிறது!

தனியாக ஒரு கூம்பு செல்லைக் கேட்டால் நிறம் சொல்லத் தெரியாது. ஒளி இவ்வளவு பட்டது என்று சொல்லும், என்ன அலைநீளம் என்று சொல்லாது. பளிச்சென்ற சிவப்பும் மங்கலான பச்சையும் அதற்கு ஒன்றாகவே படலாம். ஆகவே விழித்திரையின் அடுத்த அடுக்குகள் கழித்துப் பார்க்கின்றன. பச்சையைவிடச் சிவப்பு எவ்வளவு கூடுதல்? இரண்டும் சேர்ந்து நீலத்தைவிட எவ்வளவு கூடுதல்? இந்த விடைதான் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் வழியாக மூளைக்குப் போகிறது. சுவரும் திரையும் ஒரே விடை கொடுத்தால் மூளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் ஏமாறாத வீடு உண்டா? நேரு வீதியில் புடவைக்கு மேட்சிங் ஜாக்கெட் துணி எடுக்கிறோம். கடைக்குள் அச்சு அசலாக இருக்கிறது. தெருவுக்கு வந்தால் ஒன்று பழுப்படிக்கிறது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இரண்டு துணியிலும் சாயம் வேறு. கடையின் எல்இடி வெளிச்சத்தில் அலைநீளங்களின் விகிதம் ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி. அங்கே சமமாக வந்த கணக்கு இங்கே இடிக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே அந்தச் சுவர் காலையிலும் உச்சி வெயிலிலும் நிழலிலும் அதே மஞ்சளாகத் தெரிகிறதே, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். நிழலில் சுவர்மேல் விழுவது வானத்தின் நீல ஒளி. மூளை பக்கத்து வெள்ளைப் பட்டையையும் தெருவையும் ஒப்பிட்டு, வெளிச்சத்தின் பங்கைக் கழித்துவிடுகிறது. ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி, நிழல் விழுந்த இடத்தையும் வெயில் பட்ட இடத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சுற்றுப்புறம் மறைந்ததும் வித்தியாசம் தெரியும். 2015இல் இணையத்தில் ஒரு கவுன் படம் ஊரையே இரண்டாக்கியது நினைவிருக்கும். நிழலில் எடுத்த படம் என்று மூளை கணக்குப் போட்டவர்களுக்கு அது வெள்ளையும் தங்கமும். மற்றவர்களுக்கு நீலமும் கறுப்பும். நிஜத்தில் அது நீலம்-கறுப்பு.

பொழுது சாய்ந்தால் ஆட்டமே மாறுகிறது. விளக்கு எரியாத சந்தில் நம்மூர்ப் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியைக் கவனியுங்கள். பக்கத்துச் செடியின் இலைகூட வெளிறித் தெரியும், தொப்பி கறுத்துவிடும். செக் அறிஞர் புர்கினே 1825இலேயே இதை எழுதிவைத்தார். மங்கிய ஒளியில் வேலை பார்ப்பவை சுமார் 10 கோடி குச்சி செல்கள். அவற்றின் உச்சம் 500 நானோமீட்டர் பக்கம். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய படுவதே இல்லை. அதோடு எல்லாம் ஒரே வகை, கழித்துப் பார்க்க இன்னொன்று கிடையாது. இருட்டுக்கு அவை முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அதற்குள் யாராவது தெருவிளக்கைப் போட்டுவிட்டால் கூம்புகள் வேலைக்கு வந்துவிடும், தொப்பியும் சிவந்துவிடும்.