வாங்கிய கைக்குத்தான் தெரியும்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, என் அணித் தோழர்களே, மார்கழிப் பனியிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மனசறிந்து தருகிற பரிசில் பெரிய இன்பம் யாருக்கு? கொடுப்பவருக்கா, பெறுபவருக்கா? பெறுபவருக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்த கதையைச் சொன்னார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் நடுவர் அவர்களே, அவர் பேசியதைக் கொஞ்சம் திரும்ப நினைத்துப் பாருங்கள். கடையில் பணம் எண்ணிக் கொடுத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மா அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு கரையைத் தடவித் தடவிப் பார்த்ததையும், மறுநாள் ஒரு வேலையும் இல்லாமல் கடைத்தெருவரை அதை உடுத்திக்கொண்டு போனதையும், கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் "எம்மவன் எடுத்துக் கொடுத்தது" என்று சொன்னதையும்தானே ஐந்து நிமிடம் பேசினார்? அண்ணே, இத்தனை வருடமாக உங்கள் நெஞ்சில் நிற்பது அம்மா பட்ட சந்தோஷம். அதைப் பார்த்து நீங்கள் பட்டது அதிலிருந்து பிறந்தது.

"ஈத்துவக்கும் இன்பம்" என்று வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார்கள். அது 228ஆம் குறள். அதே ஈகை அதிகாரத்தில் நான்கு குறள் முன்னால் போனால் 224 இருக்கிறது.

"இன்னாது இரக்கப் படுதல் இரந்தவர்
இன்முகங் காணும் அளவு."

கேட்டு வந்தவர் முகம் மலர்வதைக் காணும்வரை, கேட்கப்படுவதும் துன்பம்தான் என்கிறார். அப்படியானால் கொடுப்பவரின் இன்பம் எங்கே தொடங்குகிறது? வாங்குகிறவர் முகத்தில். விளக்கு அங்கே எரிகிறது, வெளிச்சம்தான் இங்கே விழுகிறது.

இனி என் வீட்டுக் கதை. நான் பள்ளிக்கூட ஆசிரியை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறவள். ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் திருத்த வேண்டிய நோட்டுக்கட்டு. ஒருநாள் பஸ் பிரேக் போட்டதில் கேரியர் சாய்ந்து, பிள்ளைகளின் நோட்டெல்லாம் சாம்பார். அந்த வாரம் ஊருக்குப் போனபோது என் அப்பாவின் அக்காவிடம், என் அத்தையிடம், இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அத்தை அதிகம் பேசாதவர். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

பொங்கலுக்குப் போனபோது ஒரு வயர் கூடையை என் முன்னால் வைத்தார். பச்சை வயர், சிவன் கண் பின்னல். வயர் கூடை பின்னிய தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அடி போடுவதில் கணக்குப் பிசகினால் மொத்தமும் பிசகும். வயரை இழுத்து முடிச்சை இறுக்கி இறுக்கி ஆள்காட்டி விரலில் கோடு விழும். அதெல்லாம் எனக்கும் தெரியும். கூடைக்குள் கேரியரை வைத்தேன், நடுவில் ஒரு தடுப்பு. இந்தப் பக்கம் கேரியர் ஆடாமல் நின்றது, அந்தப் பக்கம் நோட்டுக்கட்டு படுக்காமல் நின்றது. "அத்தை, அளவு எப்படித் தெரிஞ்சது?" என்றேன். "நீ அன்னிக்குத் தூங்கினப்ப உன் கேரியரச் சாண் போட்டுப் பாத்தேன்டி" என்றார்.

நடுவர் அவர்களே, என் கட்சி முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமல், ஒருவர் என் கஷ்டத்தைச் சாண் போட்டு அளந்திருக்கிறார். நான் ஊரில் இல்லாத நாட்களில், வரிசை வரிசையாக, என்னை நினைத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். இது அத்தைக்குப் புதிய செய்தியா? அவருக்கு முன்பே தெரியும். கூடையைத் தொட்ட நிமிடத்தில் எனக்குத்தான் அது செய்தி. 'நான் இல்லாத இடத்திலும் நான் நினைக்கப்பட்டேன்' என்ற செய்தியைக் கொடுக்கிற கை ஒருநாளும் பெற முடியாது. அது வாங்குகிற கைக்கு மட்டும் எழுதப்பட்ட கடிதம்.

அந்தக் கடிதம் ஒரே நாளில் படித்து முடிவதும் இல்லை. கைப்பிடி வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுதான் புரிந்தது. கூடை தோளில் மாட்டிக்கொள்ள வாகாக வந்தது! சில மாதம் போன பிறகு கழுவிக் கவிழ்த்து வைத்தபோது பார்த்தேன், அடிப்பக்கம் மட்டும் இரட்டை வயர். அத்தை அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, கையால் செய்கிறவருக்கே பேரின்பம், கண் விழித்துப் பூ வேலை செய்த இரவுகளே தனக்குப் பொற்காலம் என்றார். உண்மைதான் சகோதரி, மறுக்கவில்லை. ஆனால் கடைசி முடிச்சு போட்டதும் செய்தவருக்கு அந்த வேலை முடிந்துவிடுகிறது. வாங்கினவளுக்கு அன்றைக்குத்தான் கதவு திறக்கிறது.

சங்க காலத்துக்குப் போகலாம். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பற்றி எதிரணி உருகியது. புறநானூற்றில் 91ஆம் பாட்டு. மலைப்பிளவில் அரும்பாடுபட்டுக் கிடைத்த கனி. தின்றால் நெடுநாள் வாழலாம். அந்தப் பயனை "நின்னகத்து அடக்கி", வெளியே சொல்லாமல் ஔவைக்குக் கொடுத்தான். சரி, இதை நமக்குச் சொன்னது யார்? அதியமானா? அவன்தான் அடக்கிக்கொண்டானே! வாங்கித் தின்ற ஔவைதானே, உண்மை தெரிந்து நெஞ்சம் விம்மி, நீலமணி மிடற்று இறைவனைப் போல நீ நிலைபெற்று வாழ்க என்று பாடினாள்? பெற்றவள் அடைந்த இன்பம் அவள் நெஞ்சு கொள்ளாமல் வழிந்ததால்தான் அந்தக் கனி இன்றைக்கு நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றை எதிரணி சொல்லவில்லை. அதே புறநானூறு, 208ஆம் பாட்டு. அதே அதியமான். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் பல கடந்து அவனைப் பார்க்க வருகிறார். அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். ஏழைப் புலவர், வாங்கினாரா? "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்று திருப்பிவிட்டார். முகம் பார்க்காமல் கொடுத்த பொருளுக்கு நான் வியாபாரி இல்லை என்கிறார். அடுத்து ஒரு வார்த்தை சொல்கிறார். தினையளவே ஆனாலும் "துணை அளவு அறிந்து" கொடுத்தால் அது இனிது. பெறுகிறவரின் அளவறிந்து கொடுக்க வேண்டுமாம். என் அத்தை சாண் போட்டுப் பார்த்தது இதைத்தான்! இரண்டு பரிசும் ஒரே வள்ளலிடமிருந்து வந்தவை. எது பரிசு, எது வெறும் பொருள் என்று தரம் பிரித்தது யார்? வாங்க வந்தவர். இன்பத்தின் ருசி அறிந்த நாக்கு யாரிடம் இருக்கிறது என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"கொள்ளெனக் கொடுத்தல் உயர்ந்தன்று, அதனெதிர் கொள்ளேன் என்றல் அதனினும் உயர்ந்தன்று" என்று கழைதின் யானையார் பாட்டையும் எடுத்து வைத்தார்கள். வாங்காமல் இருப்பதே உயர்வாம். அந்தப் பாட்டு "ஈயென இரத்தல் இழிந்தன்று" என்று தொடங்குகிறது. இல்லாதவர் கையேந்தும் நிலையைப் பற்றிய பேச்சு அது. நான் சொல்லும் பரிசில் யாரும் யாரிடமும் கையேந்தவில்லை. இதை வாதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 'கொள்ளேன்' என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வகுப்பில் பாடம் நடத்தும்போது, சின்ன வயதில் கொடுக்காப்புளி என்றால் எனக்கு உயிர் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மணி அடித்தபிறகு தனியாக வந்து நின்றான். நோட்டுத்தாளில் சுற்றிய பொட்டலம். முழங்கையெல்லாம் முள் கீறல். கொடுக்காப்புளி மரத்து முள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்ற எண்ணத்தில், "எனக்கு வேண்டாம்ப்பா, நீயே சாப்பிடு" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை மூடிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அந்த வருடம் முழுக்க அவன் என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. இன்றைக்கும் சந்தையில் கொடுக்காப்புளி பார்த்தால் எனக்கு அந்தக் கீறல்தான் தெரிகிறது. அன்றைக்கு ஒரு சுளையை அவன் எதிரிலேயே வாயில் போட்டிருந்தால், நெடுநாளைக்கு முன்னால் தொலைத்த என் குழந்தைப் பருவத்தை அந்தப் பிள்ளை எனக்குத் திருப்பிக் கொடுத்திருப்பான். அவன் கொடுக்கத்தான் கொடுத்தான். நான் வாங்காததால் அவனுக்கும் இன்பமில்லை, எனக்கும் இல்லை. கொடுப்பதிலேயே இன்பம் முழுமை பெறும் என்றால் அந்தப் பிள்ளை ஏன் தலை குனிந்து போனான்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

அதன் பிறகு நான் யாரிடமும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்வதில்லை. இரண்டு கையாலும் வாங்குகிறேன், அவர் எதிரிலேயே பிரிக்கிறேன். தின்கிற பொருளென்றால் தின்கிறேன், உடுத்துகிற பொருளென்றால் தோளில் போட்டுப் பார்க்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். அந்தக் கூடையை இன்றைக்கும் கொண்டு வந்திருக்கிறேன். இதோ, மேடைப் படி ஓரத்தில் இருக்கிறது. பதினோரு வருடமாகிறது, பச்சை வெளுத்துவிட்டது. கைப்பிடியில் ஒரு சாண் மட்டும் மஞ்சளாக இருக்கும். பச்சை வயர் தீர்ந்துபோயிருக்கிறது. அந்தச் சமயம் பார்த்துக் கடையிலும் பச்சை இல்லையாம். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று அத்தை கையிலிருந்த மஞ்சளைச் சேர்த்துப் பின்னிவிட்டார். அத்தை இப்போது இல்லை. பஸ்ஸில் என் தோளில் படுவது அந்த மஞ்சள் பகுதிதான். இன்றிரவு நீங்கள் எனக்குப் போர்த்திய இந்தத் துண்டும் அதில்தான் வீட்டுக்குப் போகப்போகிறது.

பெறுபவருக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.