ஹீத்ரோவிலிருந்து வீட்டு வாசல் வரை

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் லண்டன் தமிழ் வீடுகளில் ஒரு கேள்வி எழும். ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், அத்தை வருகிறார், மாமா வருகிறார். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். எப்படி அழைத்து வருவது? கார் வைத்திருப்பவர் வேலையில் இருப்பார். டாக்சிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நினைத்தால் மனம் ஒப்பாது. அப்போது எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணா, எந்த ட்ரெயினில் ஏறச் சொல்வது?" விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவன் நான். அந்தப் பாதைகளில் எல்லா நேரத்திலும் போய்வந்தவன். அதனால் என்னைக் கேட்கிறார்கள். நான் உடனே திருப்பிக் கேட்பேன்: "வீடு எங்கே? பை எத்தனை?"

இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு எங்கே, பை எத்தனை. இன்று நான் பேசப்போவது முழுவதும் இவற்றைச் சுற்றித்தான்.

விளம்பரப் பலகைகள் வேறொரு கணக்குச் சொல்கின்றன. நகரத்துக்குப் பதினைந்து நிமிடம் என்கின்றன. அது உண்மைதான். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற ரயில் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து ஓடுகிறது. இரண்டு, மூன்றாம் டெர்மினல்களுக்கான நிலையத்தில் ஏறினால், வழியில் எங்கும் நிற்காமல் பதினைந்து நிமிடத்தில் பாடிங்டனில் இறக்கிவிடும். ஆனால் பாடிங்டனில் யாருடைய வீடு இருக்கிறது? அது மத்திய லண்டனின் மேற்கு ஓரம். கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமுக்குப் போகிறவர் அங்கே இறங்கி, பெரிய நிலையத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பையை இழுத்துக்கொண்டு நடந்து, ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனைப் பிடித்து, நகரம் முழுவதையும் குறுக்காகக் கடக்க வேண்டும். பதினைந்து நிமிடம் அவருடைய பயணத்தில் ஒரு சிறு துண்டு. பாடிங்டன் பக்கத்தில் ஹோட்டல் எடுத்திருப்பவருக்கு அந்த ரயில் மிக நன்று. மற்றவர்கள் வீட்டுக் கதவு வரை கணக்குப் போட வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஹீத்ரோ 1946இல் பொது விமானப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அங்கே நிலத்தடி ரயில் வந்து சேர்ந்ததோ 1977 டிசம்பரில். இடைப்பட்ட முப்பத்தோரு ஆண்டுகள் மக்கள் எப்படிப் போனார்கள்? நகரத்துக்குள்ளேயே விமான டெர்மினல்கள் இருந்தன. பி.இ.ஏ. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்துக்குக் குரோம்வெல் சாலையில் ஒன்று இருந்தது. விமானமே இல்லாத இடத்தில் விமான டெர்மினல். பயணிகள் அங்கே வந்து டிக்கெட்டைக் காட்டி, பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி ஹீத்ரோவுக்குப் போவார்கள்.

அந்த பஸ்ஸைத்தான் நான் சொல்ல வந்தேன். லண்டனின் மாடி பஸ்ஸான ரூட்மாஸ்டரை எல்லோருக்கும் தெரியும். பின்பக்கம் திறந்த படி, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறலாம். 1966, 1967ஆம் ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்காகத் தனியாக 65 ரூட்மாஸ்டர்கள் செய்தார்கள். அவற்றில் வாசலை முன்பக்கம் வைத்தார்கள். பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஒரு பெட்டி வண்டியை இணைத்தார்கள். பயணிகளின் பைகள் முழுவதும் அந்த இழுவண்டிக்குள். ஆட்கள் கையை வீசிக்கொண்டு மாடிக்கு ஏறி உட்காரலாம். பெரிய மாடி பஸ் ஒரு சிறு வண்டியை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைந்து போகும் பழைய படங்களைப் பார்த்தால் என் மனம் நிறைந்துவிடும். ஏன் தெரியுமா? அதை வடிவமைத்தவர்கள் முதலில் பையை நினைத்தார்கள். பை எங்கே போகும் என்று தீர்மானித்துவிட்டு, அதன் பிறகுதான் ஆளை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்தார்கள்.

குரோம்வெல் சாலையில் பெட்டியை ஒப்படைக்கும் அந்த வழக்கம் எழுபதுகளில் நின்றுபோனது. 1999இல் பாடிங்டன் நிலையத்தில் மறுபடியும் செக்-இன் மேசைகள் போட்டார்கள். அதுவும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு. வியன்னாவில் விமான நிலைய ரயில் புறப்படும் நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிற ஏற்பாட்டை வைத்திருந்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று நான் நம்பவில்லை.

சரி, ரயிலுக்கு வருவோம். 1977இல் வந்தது பிக்கடில்லி லைன், கருநீலக் கோடு. அதில் நெடுங்காலம் ஓடிய பழைய வண்டிகளில் ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கதவோரத்தில் நிற்பதற்கு இடம் அதிகம். ஹீத்ரோவுக்கு ஓடப்போகிறது என்று தெரிந்தே, எழுபதுகளில் அந்த வண்டிகளைச் செய்தபோது பைகளுக்காக விட்ட இடம் அது. பாருங்கள், மறுபடியும் பை. மெதுவான வண்டிதான். ஆக்டன் டவுன் வரை கிட்டத்தட்ட எல்லா நிலையத்திலும் நிற்கும். பிக்கடில்லி சர்க்கஸுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆகும். ஆனால் ஹாமர்ஸ்மித்திலும் பாரன்ஸ் கோர்ட்டிலும் ஓர் அருமை இருக்கிறது. ஒரே நடைமேடையின் இந்தப் பக்கம் பிக்கடில்லி, அந்தப் பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன். படி ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். வண்டியை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் ஈஸ்ட்ஹாம், அதற்கு அப்பால் பார்க்கிங் (Barking) என்ற ஊர்ப் பக்கம் போகிற வண்டி வரும். கிழக்கு லண்டன் தமிழர்களில் ஒரு தலைமுறையே இந்த வழியில்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்தது எலிசபெத் லைன், ஊதாக் கோடு. 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது 2022 மே மாதம் திறந்தது. ஹீத்ரோவிலிருந்து வண்டி மாறாமல் நகர மையத்துக்குப் போவது அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கியது. இரண்டு, மூன்றாம் டெர்மினல் நிலையத்திலிருந்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக்கு முப்பத்தைந்து நிமிடத்துக்குள், ஒயிட்சேப்பலுக்கு நாற்பது நிமிடம் அளவில். பாடிங்டனுக்கு எக்ஸ்பிரஸை விட மெதுவாகத்தான் போகும். ஆனால் அங்கே நின்றுவிடாமல் நகரத்தின் அடியில் துளைத்துக்கொண்டு மறு பக்கம் வருகிறது. ஈஸ்ட்ஹாம்காரர் ஒயிட்சேப்பலில் மாறினால் போதும். அதைவிட முக்கியம், அந்த லைனின் எல்லா நிலையங்களிலும் படி ஏறாமல் தெருவுக்கு வந்துவிடலாம். முழங்கால் வலியோடு எழுபது வயதில் வந்து இறங்கும் அம்மாவுக்கு இதுதான் பெரிய வேகம். பிக்கடில்லி லைனில் அப்படி இல்லை. கிரீன் பார்க்கில் லிப்ட் இருக்கிறது, கிங்ஸ் கிராஸில் இருக்கிறது. பிக்கடில்லி சர்க்கஸில் நடைமேடையிலிருந்து தெருவுக்கு லிப்ட் கிடையாது. கோவென்ட் கார்டனில் லிப்ட் கூட்டமாக இருக்கிறது என்று யாராவது படிக்கட்டுப் பக்கம் திரும்பினால், அங்கே 193 படிகள். பெட்டியோடு அந்தப் பக்கம் திரும்பிவிடாதீர்கள்.

பணம். 2024ஆம் ஆண்டுக் கட்டணத்தைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு கூடியிருக்கிறது, ஆனால் இடைவெளி புரியும். நகர மையத்துக்கு ஒருவருக்குப் பிக்கடில்லி லைனில் 5 பவுன் 60 பென்ஸ். எலிசபெத் லைனில் 12 பவுன் 80. எக்ஸ்பிரஸில் அன்றைக்கே டிக்கெட் எடுத்தால் 25 பவுன். முன்கூட்டியே பதிவு செய்தால் குறையும். நான்கு பெரியவர்கள் வந்தால் 22 பவுன் 40 எங்கே, 100 பவுன் எங்கே! வங்கி அட்டையைத் தட்டிப் போவதானால் ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். மீண்டும் சொல்கிறேன், ஓர் அட்டையில் இருவர் போக முடியாது. வீட்டில் சும்மா கிடக்கும் ஆய்ஸ்டர் பயண அட்டைகளில் பணம் போட்டு, அழைக்கப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள்.

எலிசபெத் லைனின் ஹீத்ரோ கட்டணம் ஏன் இவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். பிரதான ரயில் பாதையிலிருந்து பிரிந்து ஹீத்ரோவுக்குள் போகும் சுரங்கம் விமான நிலைய நிறுவனத்தின் சொத்து. எக்ஸ்பிரஸுக்காக அவர்கள் பணத்தில் கட்டியது. அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஏற்றுக்கொள்ள மட்டும் முடியவில்லை. விமான நிலையத்துக்குப் போகிற ரயில் ஊரின் மற்ற ரயில்களைப் போலவே, அதே டிக்கெட்டில், அதே கணக்கில் ஓட வேண்டும். சூரிச்சில் இருக்கும் நம் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்துக்கு அடியிலேயே 1980இலிருந்து நிலையம் இருக்கிறது. அன்றாடம் ஓடும் சாதாரண ரயில், சாதாரண டிக்கெட், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நகரத்தின் பெரிய நிலையம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பயணிகள் மட்டும் இல்லை. பயணி ஆண்டுக்கு ஒரு முறை, இரு முறை அந்த ரயிலில் ஏறுகிறார். ஹீத்ரோவில் வேலை செய்யும் பல பத்தாயிரம் பேர் நாள்தோறும் போய்வருகிறார்கள். கழிப்பறை துடைப்பவர், பெட்டி ஏற்றுபவர், விமானத்துக்குச் சாப்பாடு கட்டுபவர். ஹவுன்ஸ்லோ, சவுத்தால், ஹேய்ஸ், பெல்தம் என்று சுற்றுப்புறம் எங்கும் அவர்கள் வீடுகள். காலை ஆறு மணி விமானத்துக்கு நீங்கள் போகும்போது கடையில் தேநீர் சூடாக இருக்கிறது என்றால், அதைப் போடுபவர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார்? அந்த நேரத்தில் எந்த ரயில் ஓடியது? வெள்ளி, சனி இரவுகளில் பிக்கடில்லி லைன் விடிய விடிய ஓடுகிறது. மற்ற இரவுகளில் பஸ்தான். பின்னிரவில் என்-9 (N9) என்ற இரவு பஸ்ஸில் ஏறினால் சீருடை போட்டவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித் தூங்கியவன். நிறுத்தம் வந்ததும் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார். பெயர் தெரியாது, மொழி வேறு, ஆனால் யார் எங்கே இறங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாதைகளைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் ஒரு வாரம் அந்த நேரத்தில் அந்த பஸ்ஸில் போய்வர வேண்டும் என்பது என் ஆசை. பகலில் போனால் போதாது. அந்த நேரத்தில்.

கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிவதாகக் கை காட்டுகிறார்கள். கேட்விக் விமான நிலையம் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் நகர மையத்துக்குப் போக வேண்டியதில்லை. ஹாரோவில் வீடு என்றால் எஸ்.எல். 9 என்ற விரைவு பஸ் ஹீத்ரோவிலிருந்து நேரே போகிறது. சட்டன், குரோய்டன் பக்கம் என்றால் எஸ்.எல். 7. சாதாரண பஸ் கட்டணம்தான். பையை நடுவில் விட்டு மற்றவர் வழியை மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வழியனுப்பப் போகும்போது எந்த டெர்மினல் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிக்கடில்லி லைன் ஹாட்டன் கிராஸ் தாண்டி இரண்டாகப் பிரிகிறது. எப்படிப் பிரிகிறது என்பதைப் படம் போட்டுத்தான் விளக்க வேண்டும், அது வானொலியில் ஆகாது. வண்டியின் நெற்றியில் நான்கு என்று எழுதியிருக்கிறதா, ஐந்து என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஏறினால் போதும். தவறான வண்டியில் ஏறிவிட்டால் ஹாட்டன் கிராஸில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடியுங்கள். அப்படியும் வேறு டெர்மினலுக்குப் போய்விட்டால் கலங்க வேண்டாம், டெர்மினல்களுக்கு இடையே ரயிலில் போகக் கட்டணம் இல்லை. இரவில் ஓடும் பிக்கடில்லி வண்டி நான்காம் டெர்மினலுக்குப் போகாது, அதையும் நினைவில் வையுங்கள். வணக்கம்.