கீசர் மெக்கானிக் மலையேறி வருவதற்கு முன்னால் என்ன செய்து வைக்கலாம்?

அடுத்த கேள்வி. சூரியநெல்லியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "கீசரில் தண்ணீர் சூடாகவில்லை. நாளைக்குப் போடியிலிருந்து ஆள் வருகிறார். நாங்கள் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?"

அக்கா, முதலில் அவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். நானும் போடியிலிருந்து மலைக்கு வேலைக்குப் போகிறவன்தான். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து மூடியைக் கழற்றினால், கையில் இல்லாத பார்ட்ஸ்தான் போயிருக்கும். வாங்க இறங்கினால் அன்றைய பொழுது போச்சு. உங்களுக்கும் இன்னொரு வண்டிச் செலவு.

அதனால் 'சூடாகவில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். வருவது பச்சைத்தண்ணீரா, வெதுவெதுப்பா? கீசரில் இருக்கும் சின்ன விளக்கு எரிகிறதா? விளக்கு எரிந்தும் தண்ணீர் ஜில்லென்றே இருந்தால் பெரும்பாலும் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் 'காயில்' (coil) போயிருக்கும். விளக்கே எரியவில்லை என்றால் பிளக், ஒயர், சூடு மீறினால் கரண்டை நிறுத்தும் கட் அவுட் பக்கம் பார்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ட்ரிப்பர் (போர்டில் தானாக விழும் MCB சுவிட்ச்) விழுகிறதா, குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா, அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்படி இருந்தால் ட்ரிப்பரை இறக்கியே வையுங்கள். ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது.

அப்புறம், கீசர் உடம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். லிட்டர், வாட், மாடல் நம்பர் எல்லாம் அதில்தான். பல வீட்டில் அது சுவர் பக்கமாகத் திரும்பியிருக்கும். போனை இடுக்கில் நுழைத்து போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ட்ரிப்பரை இறக்கிவிட்டு, காய்ந்த கையால் பிளக்கையும் உருவிப் பாருங்கள். பூப்பாறையில் ஒரு வீட்டில் காயில் போச்சு என்று கூப்பிட்டார்கள். பார்த்தால் பிளக்கின் ஒரு கம்பி கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்து நிற்கிறது. 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ப் இழுக்கும். அதை 6 ஆம்ப் பிளக்கில் மாட்டினால் வேறென்ன ஆகும்? 16 ஆம்ப் பிளக் பாயிண்ட்தான் வேண்டும்.

வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் கொஞ்சம் பொறுங்கள். 15 லிட்டர், 2000 வாட் கீசரில் 28 டிகிரி தண்ணீர் 55 டிகிரிக்கு வர சுமார் 14 நிமிடம். மலையில் மார்கழியில் டேங்க் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கினால், அதே கீசருக்கு 24 நிமிடம் ஆகும். தேனியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக் கீசரோடு ஒப்பிட்டுவிட்டு ரிப்பேர் என்று கூப்பிட்டவர்கள் உண்டு!

நாளைக் காலையில் 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்று போடாதீர்கள். சூட்டோடு திறந்தால் அவர் கைதான் வேகும். மேலே டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். கீசர் நிறையாமல் கரண்டு கொடுத்தால் புதுக் காயிலும் அங்கேயே கருகிவிடும். டேங்கிலிருந்து கீசருக்கு வரும் லைனை மூடும் கேட் வால்வு எங்கே, அது திரும்புகிறதா என்று பாருங்கள். பாத்ரூமில் ஊறப்போட்ட துணியை எடுத்துவிட்டு, ஆடாத ஸ்டூல் ஒன்று, வாளி ரெண்டு போதும்.

பில்லையும் வாரண்டி கார்டையும் இன்றைக்கே தேடுங்கள். தொட்டிக்கு ஒரு காலம், காயிலுக்கு ஒரு காலம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். காலம் மிச்சம் இருந்தால் வெளியாள் திறக்க வேண்டாம், கம்பெனிக்கே போன் போடுங்கள். நாளைக்கு வருகிறவரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் என்னைத் திட்டுவார், பரவாயில்லை.