ஈரக்குப்பையை நாற்றமில்லாமல் நொதிக்கவைத்து உரமாக்குவது | அல்சூர் மொட்டைமாடி வ்லாக்

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் செடி பக்கம் கேமராவைத் திருப்பப் போவதில்லை. இதோ, இந்த இரண்டு வாளிகள்தான் இன்றைய வீடியோ.

மாடித்தோட்டம் போட ஆசை, ஆனால் உரம் தயாரித்தால் நாறும், கீழ்வீட்டில் சண்டைக்கு வருவார்கள் என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாறுகிறது என்றால் அது அழுகுகிறது என்று அர்த்தம். அழுகுவது வேறு, புளிப்பது வேறு. காற்றுப் புகாமல் மூடி, புளிக்கவைக்கிற நுண்ணுயிர்களை முதலிலேயே உள்ளே விட்டுவிட்டால், அமிலம் உருவாகி, அழுகவைக்கிற கிருமிகளுக்கு அங்கே இடமே இருக்காது. மாவடு ஜாடிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஜப்பானில் இந்த முறைக்கு பொகாஷி என்று பெயர். ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா, லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட் எல்லாம் சேர்ந்த கலவை ஒன்றை 1980களில் பரப்பினார். கடையில் அது பாட்டிலில் கிடைக்கிறது. வாங்கத் தேவையில்லை, அரிசி கழுவிய தண்ணீரும் பாலும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

இந்த ஜாடியைப் பாருங்கள். அரிசி களைந்த முதல் தண்ணீரைப் பாதி ஜாடிக்கு ஊற்றி, வாயைத் துணியால் கட்டி நிழலில் வைத்துவிட வேண்டும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதனால் அரிசி களைவதற்கான தண்ணீரை முந்தின இரவே பிடித்துத் திறந்து வையுங்கள். சில நாளில் லேசாகப் புளித்த வாசம் வரும். அதை வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் சேர்த்து மறுபடி துணி கட்டி வைத்தால், ஒரு வாரத்துக்குள் இப்படிப் பிரியும். மேலே மிதக்கிற வெள்ளைக் கட்டி பன்னீர் மாதிரி திரண்டிருக்கிறதா? அதற்குக் கீழே தெளிவாக, இளமஞ்சளாக நிற்கிறதே, அந்தத் தண்ணீர்தான் நமக்கு வேண்டும். ஜாடியைச் சாய்த்து, கட்டி உடையாமல் மெதுவாக வடியுங்கள். அதே அளவு வெல்லம் கலந்துவிட்டால் ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும். இங்கே மண்டியா வெல்லம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை விடக் கறுத்த வெல்லம்தான் என் தேர்வு.

அடுத்தது தவிடு. மாட்டுத் தீவனக் கடையில் பூசா என்று கேட்டால் கோதுமைத் தவிடு கொடுப்பார்கள். ஒரு கிலோ தவிட்டுக்கு இந்தக் கரைசல் இரண்டு மேஜைக்கரண்டி, கொஞ்சம் வெல்லம், இரண்டையும் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டுத் தண்ணீர் வடியக் கூடாது. இந்தப் பதம் தவறினால் பூஞ்சை பிடித்துவிடும், அவசரப்படாதீர்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி இரண்டு வாரம் வைத்தால் தவிடு தயார். நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இப்போது வாளி. அடியில் குழாய் வைத்தது ஒன்று போதும். இல்லையென்றால் ஒரு வாளியின் அடியில் ஓட்டை போட்டு இன்னொன்றுக்குள் இறக்குங்கள். தவிடு ஒரு பிடி, அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்குக் குப்பை, மறுபடி ஒரு பிடி தவிடு. தட்டால் நன்றாக அழுத்தி இறுக மூடுங்கள். வாழைப்பழத்தோல், முருங்கைக்காய்ச் சக்கை, காப்பி வடிகட்டிய தூள் எல்லாம் போடலாம். திறந்த கம்போஸ்ட்டில் போடத் தயங்குகிற பழைய சோறு, மீன் முள், புளித்த தயிர்கூட இதில் போகும். குழம்பையும் ரசத்தையும் மட்டும் அப்படியே ஊற்றாதீர்கள். பூ மாலை என்றால் நைலான் நூலை உருவிவிட்டுப் போடுங்கள்.

இது நிரம்பி இரண்டு வாரம் மூடி வைத்த வாளி, திறக்கிறேன். மேலே பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, இது நல்ல அறிகுறி. கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. தோல்கள் தோல்களாகவே இருக்கின்றன, உரமாகவில்லையே என்று நினைக்காதீர்கள். வாளிக்குள் புளிக்க மட்டுமே செய்யும், மட்குவது மண்ணில்தான். நிரம்பிய பிறகு இரண்டு வாரம் மூடியே இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி குளிரில் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு பங்கு பழைய தொட்டி மண்ணுடன் கலந்து மூடி, மூன்று வாரம் கழித்து நாற்று நடுங்கள். அதற்கு முன் நட்டால் அந்த அமிலத்தில் வேர் கருகிவிடும். குழாயில் வடிகிற நீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை பிடித்து, ஒன்றுக்கு நூறு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் திரவங்கள் மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இவற்றில் தழை, மணி, சாம்பல் சத்து, அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், குறைவு. மண்ணுக்கு மட்கு வேண்டும், தொழுவுரம் வேண்டும். வாளியில் கிடக்கிற திடப்பொருள்தான் அந்த மட்கைத் தரும்.

ஏன் இவ்வளவு பாடு, காலையில் குப்பை வண்டி வந்தால் ஹசி கசா, அதாவது கன்னடத்தில் ஈரக்குப்பை, என்று பச்சைத் தொட்டியைக் கவிழ்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். குப்பையைப் பிரித்துக் கட்டாயம் கொடுக்க வேண்டியதுதான். 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஈரக்குப்பைக்கும் கழிவுக்கும் இரண்டு தொட்டி, உலர்ந்த குப்பைக்கு ஒரு பை என்று உத்தரவே போட்டது. ஆனால் நம் குப்பை ஊருக்கு வெளியே யார் வீட்டு வாசலில் போய் விழுந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெங்களூரு குப்பை கொட்டப்பட்ட மாவள்ளிபுரா, மண்டூர் கிராம மக்கள் அந்த நாற்றத்தோடும் கெட்டுப்போன தண்ணீரோடும் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். போராடித்தான் 2014 முடிவில் மண்டூரில் கொட்டுவதை நிறுத்தவைத்தார்கள். ஈரக்குப்பை நம் மாடியிலேயே முடிந்துவிட்டால் அந்தச் சுமையில் நம் பங்கு குறையும். எனக்கு உரத்தைவிட இதுதான் பெரிது.

ஓசூர் பக்கம் நிலம் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மாடு இருக்கிற வீடு என்றால், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து முதலில் பஞ்சகவ்யம் செய்யுங்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் காட்டிய வழியில், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கலாம். விலை விழுந்து சாலையோரம் கொட்டுகிற தக்காளி இருக்கிறதே, அதையும் நொதிக்கவைத்துத் திரவ உரமாக்கலாம், அதற்கு 200 லிட்டர் டிரம் போதும். தண்ணீர் 100 லிட்டர், தக்காளி 30 கிலோ, வெல்லம் 10 கிலோ. டிரம்மை நிரப்பாமல் மேலே இடம் விடுங்கள், பொங்கும். முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள், மூன்று மாதத்தில் வடிகட்டலாம். வைரஸ் தாக்கிய செடியையும் காயையும் டிரம்மில் சேர்க்காதீர்கள். வடிகட்டிய சக்கையை வரப்போரத்து மரத்தடியில் மண்மூடிப் புதைத்துவிடுங்கள்.

மீன் கழிவை வெல்லத்தில் நொதிக்கவைத்துச் செய்கிற மீன் அமிலம் அடுத்த வீடியோவில் வரும். மீனும் வெல்லமும் சம எடை, அவ்வளவுதான் கணக்கு. மீன்காரரிடம் மத்திக் கழிவு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் செய்து பார்க்க ஆசை என்றால் அதற்குள் வெல்லமும், அகல வாய் ஜாடி ஒன்றும் வாங்கிவையுங்கள்.